கிரிட்டா பிரஷ்களைப் பண்டிலாகக் கட்டிப் பிறருக்குக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளில் சொந்தமாகப் பிரஷ் செய்பவர்கள் இப்போது நிறையப் பேர். செய்வதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அடுத்தவருக்குக் கொடுக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது: "உங்க பிரஷ் என்கிட்ட வேலை செய்யல." ஒரே கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருப்பதைவிட ஒரு இடத்தில் வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் கிரிட்டா 5 பதிப்புகளை மனதில் வைத்து எழுதியவை.

பண்டில்னா என்ன? பிரஷ் ஃபைலை அப்படியே அனுப்பினா போதாதா?

பண்டில் என்பது பிரஷ், முனை, டெக்ஸ்சர், வண்ணத்தட்டு என்று பலவற்றை ஒன்றாகக் கட்டிய ஒரே கோப்பு. வாங்குபவர் அதை ஒரே தடவை இம்போர்ட் செய்தால் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்காரும். வேண்டாம் என்றால் மொத்தத்தையும் ஒரே சொடுக்கில் அணைத்துவைக்கலாம்.

தனி பிரஷ் கோப்பை (கேபிபி என்று முடிவது) அனுப்புவது சில சமயம் போதும். கிரிட்டாவுக்குள்ளேயே இருக்கும் வட்ட முனையை வைத்துச் செய்த பிரஷ் என்றால் அது மட்டுமே வேலை செய்துவிடும். ஆனால் நீங்களே வரைந்த முனை, ஸ்கேன் செய்த காகிதம் என்று ஏதாவது சேர்ந்துவிட்டால் தனிக் கோப்பை நம்ப முடியாது. ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

பிரிசெட், பிரஷ் டிப், பேட்டர்ன்... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. நீங்கள் பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பிரிசெட். அது ஒரு செய்முறைக் குறிப்பு: எந்த முனை, எவ்வளவு இடைவெளி, அழுத்தினால் என்ன மாற வேண்டும், எந்த டெக்ஸ்சர், எந்தக் கலப்பு முறை. முனை (பிரஷ் டிப்) என்பது காகிதத்தில் படும் வடிவம், ஒரு படம். பேட்டர்ன் என்பது கோட்டுக்குள் தெரியும் சொரசொரப்பு, அதுவும் ஒரு படம். டெக்ஸ்சர் என்று நான் சொல்வதும் இதைத்தான்.

பிரிசெட் தன் முனையைப் பெயர் சொல்லித் தேடும். உங்கள் கணினியில் அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது, கிடைத்துவிடுகிறது. வாங்கியவர் கணினியில் அது இல்லை என்றால் பிரிசெட் பட்டியலில் தெரியும், ஐகானும் அழகாக இருக்கும், கோடு மட்டும் வேறு மாதிரி விழும். "உங்க கரி பிரஷ் எனக்கு வெறும் வட்டமா வருது" என்று யாராவது சொன்னால் தொண்ணூறு சதவீதம் இதுதான் காரணம்.

பண்டில் எப்படி உருவாக்குவது? மெனுவே கண்ணுல படல.

செட்டிங்ஸ் மெனுவில் 'மேனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரீஸ்' என்று இருக்கும். அதற்குள் 'கிரியேட் பண்டில்'. பக்கத்திலேயே 'மேனேஜ் ரிசோர்சஸ்' என்று இன்னொன்று உண்டு. அது தனித்தனி பிரஷ்களுக்கு டேக் (குழுவாகப் பிரிக்க உதவும் பெயர்ச்சீட்டு) போடவும் நீக்கவும். இரண்டும் வேறு. பெயர் இவ்வளவு ஒத்திருப்பதால் முதல் தடவை எல்லாருமே தவறான கதவைத் தட்டுகிறார்கள்.

திறக்கும் பெட்டியில் பண்டில் பெயர், ஆக்கியவர், உரிமம், விவரம், ஒரு சின்னப் படம் எல்லாம் கேட்கும். மின்னஞ்சலுக்கும் ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விடலாம். பண்டில் உங்கள் கையை விட்டுப் போனபிறகு யார் யாரிடம் போகும் என்று சொல்ல முடியாது, சொந்த மின்னஞ்சலை அதில் எழுதாதீர்கள். பிறகு வகையைத் தேர்ந்தெடுத்து, வேண்டியதை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்த வேண்டும். பிரிசெட்டுகளை நகர்த்தி முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். வகையை 'பிரஷ் டிப்ஸ்' என்று மாற்றி முனைகளையும், 'பேட்டர்ன்ஸ்' என்று மாற்றி டெக்ஸ்சர்களையும் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

பிரிசெட்டைச் சேர்த்தா முனையும் தானா வந்துடாதா?

வந்திருக்கும் என்று ஊகிப்பதைவிடப் பார்த்துவிடுவது சுலபம். பண்டில் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்புதான். ஒரு பிரதி எடுத்து, அதன் வாலை (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவது) ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். பிரிசெட்டுகளுக்கு ஒரு ஃபோல்டர், முனைகளுக்கு 'பிரஷஸ்' என்று ஒரு ஃபோல்டர், பேட்டர்ன்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். 'பிரஷஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் முனைப் படங்கள் ஒவ்வொன்றும் கண்ணில் பட வேண்டும். ஃபோல்டரே இல்லை என்றால் முனை போகவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஜிப்தானே? அப்போ உள்ள ஒரு ஃபைலை மட்டும் மாத்திட்டு திரும்ப ஜிப் பண்ணிடலாமா?

பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பண்டிலுக்குள் மேனிஃபெஸ்ட் என்று ஒரு பட்டியல் கோப்பு இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயர், அதன் டேக்குகள், அதன் எம்டி5 சரிபார்ப்பு எண் எல்லாம் அதில் எழுதியிருக்கும். படத்தை மட்டும் மாற்றினால் எண் பொருந்தாது. புதிதாக ஒன்றை உள்ளே போட்டால் பட்டியலில் அதன் பெயரே இருக்காது. கிரிட்டாவுக்குள் மாற்றி, பண்டிலைப் புதிதாகக் கட்டுவதே நல்லது. இரண்டு நிமிட வேலைக்காகக் குறுக்குவழி வேண்டாம்.

வாங்கினவங்க எப்படி இன்ஸ்டால் பண்ணணும்? எளிமையா ஒரு வரி சொல்லுங்க, அப்படியே காப்பி பண்ணி போட்டுடறேன்.

"பண்டில் கோப்பைப் பிரிக்காமல், கிரிட்டாவில் செட்டிங்ஸ், மேனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரீஸ், இம்போர்ட் என்று போய் அதைத் தேர்ந்தெடுங்கள்." இவ்வளவுதான். 'பிரிக்காமல்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆமா, நிறைய பேர் அன்ஜிப் பண்ணிட்டு "உள்ள என்னென்னமோ இருக்கு, எதை போடறது"ன்னு கேக்கறாங்க. ஏன்?

இதில் பெரும்பாலும் தவறு கொடுப்பவர் பக்கம். பண்டில், ஒரு ரீட்மீ, மாதிரிப் படம் மூன்றையும் சேர்த்து ஒரு ஜிப்பாக ஏற்றிவிடுகிறோம். வாங்குபவர் வெளி ஜிப்பைப் பிரிக்கிறார். உள்ளே இன்னொரு கோப்பு. பிரித்த கையோடு அதையும் பிரிக்கிறார். அல்லது வெளி ஜிப்பையே கிரிட்டாவில் இம்போர்ட் செய்யப் பார்க்கிறார், அது ஏற்பதில்லை. என் பழக்கம், பண்டிலை வெறும் பண்டிலாகவே ஏற்றுவது. குறிப்பும் படமும் பதிவிறக்கும் இடத்திலேயே தனியாக இருக்கட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. உள்ளடக்கம் ஜிப் என்பதைக் கண்டுபிடித்துவிடும் சில ஆப்கள், இறக்கும்போது கோப்பின் வாலில் தாங்களாகவே ஜிப் என்று ஒட்டிவிடும். ஃபோன் வழியாக இறக்கியவர்களிடம் இதைப் பார்க்கலாம். அந்த ஒட்டை நீக்கிப் பழையபடி பண்டில் என்று முடியுமாறு பெயர் மாற்றினால் போதும். விண்டோஸில் கோப்பின் வால் மறைந்திருக்கும், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை முதலில் இயக்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு பிரஷ்தான் குடுக்கணும். வாட்ஸ்அப்ல அனுப்பலாமா?

டாக்குமென்டாக அனுப்பினால் சரி. படமாக அனுப்பினால் பிரஷ் செத்துவிடும். கேபிபி கோப்பு உண்மையில் ஒரு பிஎன்ஜி படம். பட்டியலில் தெரியும் அந்தச் சின்ன ஐகான்தான் கோப்பே. பிரஷ்ஷின் அமைப்புகள் எல்லாம் படத்துக்குள் எழுத்தாகச் செருகப்பட்டிருக்கும். படத்தைச் சுருக்கும் எந்த ஆப்பும் அந்த எழுத்தைத் தேவையில்லாத சுமை என்று தூக்கிப் போட்டுவிடும். மிச்சம் இருப்பது ஒரு ஐகான் மட்டும்.

ஐகானை அழகாக்குகிறேன் என்று கேபிபியை வேறொரு பட மென்பொருளில் திறந்து சேமித்தவர்களுக்கும் இதே கதிதான். ஐகானை மாற்ற வேண்டும் என்றால் கிரிட்டாவின் பிரஷ் எடிட்டருக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது.

பிரஷ் பேரை எப்படி வைக்கிறது? தமிழ்ல வைக்கலாமா?

இரண்டு பெயர்கள் இருக்கின்றன: பட்டியலில் தெரியும் பெயர் ஒன்று, கோப்பின் பெயர் இன்னொன்று. தெரியும் பெயர் கோப்புக்குள் எழுதியிருக்கிறது, அதனால் ஃபோல்டரில் போய்க் கோப்பின் பெயரை மாற்றினாலும் பட்டியலில் பழைய பெயரே நிற்கும். தெரியும் பெயர் தமிழில் இருக்கலாம், நன்றாகவும் இருக்கும். முனை, பேட்டர்ன் கோப்புகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வேன். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, நடுவில் ஒரு ஜிப் என்று இத்தனை கை மாறும்போது எங்காவது ஒரு இடத்தில் எழுத்து கட்டமாக மாறிவிடுகிறது. இடைவெளியும் வேண்டாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலக்கவும் வேண்டாம். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு.

அதைவிட முக்கியம் முன்னொட்டு. முனைக்கு 'பிரஷ்01' என்றோ 'டெக்ஸ்சர்' என்றோ பெயர் வைத்தால், அதே பெயரில் வேறொருவரின் தொகுப்பிலும் ஒரு கோப்பு நிச்சயம் இருக்கும். பிரிசெட் பெயர் சொல்லித்தான் முனையைத் தேடுகிறது என்று மேலே பார்த்தோம். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் தவறான முனை மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கரிக்கோல் தொகுப்பு என்றால் 'கரி_மெல்லிய_01' என்பது போல (ஆங்கில எழுத்தில்) எல்லாக் கோப்புக்கும் ஒரே தலைப்பு வையுங்கள்.

கிரிட்டாவோடு வரும் பிரஷ்களின் பெயர்கள் 'ஏ)', 'பி)', 'சி)' என்று வரிசை எழுத்தோடு தொடங்கும். அந்த முறையை நீங்களும் எடுத்துக்கொண்டால் உங்கள் பிரஷ்கள் அவற்றுக்கு நடுவில் போய் ஒளிந்துகொள்ளும்.

இம்போர்ட் ஆச்சுன்னு சொல்லுது, ஆனா பிரஷ் எங்கன்னே தெரியல.

டேக் இல்லாமல் கட்டிய பண்டில். வாங்கியவரிடம் ஏற்கெனவே முந்நூறு பிரஷ் இருக்கும், உங்களுடைய பதினைந்தும் அந்தக் கூட்டத்தில் அகரவரிசைப்படி சிதறிக் கிடக்கும். பண்டில் கட்டும் முன் உங்கள் பிரிசெட்டுகளுக்கு எல்லாம் ஒரே டேக் போட்டுவிடுங்கள், தொகுப்பின் பெயரே டேக்காக இருக்கட்டும். டேக் பண்டிலோடு பயணம் செய்யும். வாங்கியவர் பிரஷ் பட்டியலின் மேலே அந்த டேக்கைத் தேர்ந்தெடுத்தால் உங்களுடையது மட்டும் வரிசையாக வரும். கேன்வாஸில் வலது சொடுக்கினால் வரும் வட்டப் பலகையிலும் அதே டேக்கை வைத்துக்கொள்ளலாம்.

'ஸ்கெட்ச்', 'இங்க்' என்று பொதுவான டேக் போடுகிறார்கள். அந்தப் பெயர்களில் ஏற்கெனவே இருக்கும் டேக்குகளோடு கலந்துவிடும். பெயர் உங்களுடையது என்று தெரியட்டும்.

முனை வரைஞ்சு போட்டேன். கோடு போட்டா சுத்தி ஒரு சதுரம் லேசா தெரியுது.

கறுப்பு வெள்ளை முனைப் படத்தில் கறுப்பு இருக்கும் இடத்தில் மை விழும், வெள்ளை இருக்கும் இடத்தில் விழாது. ஸ்கேன் செய்த காகிதத்தின் 'வெள்ளை' உண்மையில் வெள்ளை இல்லை. வண்ணம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பார்த்தால் 255க்கு (முழு வெள்ளையின் எண்) பதில் 240, 245 என்று ஏதாவது காட்டும். அந்தப் பத்துப் பதினைந்து அளவு சாம்பல்தான் ஒவ்வொரு தடவை முனை படும்போதும் மெல்லிய சதுரமாக விழுகிறது. ஒரு தடவைக்குத் தெரியாது. கோடாக இழுக்கும்போது நூறு சதுரம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கறை மாதிரி தெரியும்.

லெவல்ஸைத் திறந்து வெள்ளைப் பக்க முக்கோணத்தை உள்ளே தள்ளுங்கள், பின்னணி முழுதும் 255 ஆகும்வரை. பிறகு படத்தின் நான்கு ஓரத்திலும் சில பிக்சல் அகலத்துக்கு வெறும் வெள்ளை இருக்கிறதா என்று பாருங்கள். வடிவம் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே வெட்டியது போலத் தெரியும். முனைப் படத்தின் அளவையும் தேவைக்கு மேல் ஏற்ற வேண்டாம். 30 பிக்சல் அளவில் பயன்படுத்தப்போகும் பென்சிலுக்கு 2000 பிக்சல் முனை, பழைய லேப்டாப்பை மூச்சு வாங்க வைப்பதற்கு மட்டும்தான் உதவும்.

டெக்ஸ்சர்ல கட்டம் கட்டமா கோடு தெரியுதே?

ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கிரிட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால் கேன்வாஸ் நாற்புறமும் திரும்பத் திரும்ப வரும். அந்த நிலையிலேயே இணைப்பு தெரியும் இடங்களைக் குளோன் பிரஷ்ஷால் சரிசெய்யுங்கள். இணைப்பு மறைந்தபிறகும் ஒரு பார்வை பாருங்கள். சுண்ணாம்புச் சுவரைப் படம் எடுத்துச் செய்தால் அதில் இருக்கும் ஒரே ஒரு பெரிய விரிசல், பக்கம் முழுதும் அச்சடித்தது போல வரிசையாக வரும். அந்த மாதிரி கண்ணில் குத்தும் விஷயங்களை அழித்துவிட வேண்டும்.

என் மெஷின்ல சூப்பரா இருக்கு. குடுத்தா "ரொம்ப தடிமனா வருது", "அழுத்தம் சரியில்ல"ங்கறாங்க. முனை, டெக்ஸ்சர் எல்லாம் சரியா போயிருக்கு.

பண்டிலில் ஏற முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன. பிரிசெட்டுக்கு என்று ஓர் அழுத்த வளைவு உண்டு, அது போகும். ஆனால் கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் மொத்தத்துக்கும் பொதுவான இன்னொரு வளைவு இருக்கிறது. அது உங்கள் கணினியோடு தங்கிவிடும். அதற்கும் மேலே பேனா நிறுவனத்தின் டிரைவரில் மூன்றாவதாக ஒன்று. உங்கள் கை மென்மையானது என்று பொது வளைவை நன்றாக வளைத்துவைத்திருந்தால், அதன்மேல் கட்டிய பிரஷ் மற்றவர்களிடம் வேறு மாதிரிதான் இருக்கும். பிரஷ் செய்யும்போது பொது வளைவை நேர்க்கோடாக மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

கோட்டை நேராக்கும் ஸ்டெபிலைசர் பிரிசெட்டில் இல்லை. அது பிரஷ் கருவியின் அமைப்பு. உங்கள் கோடு வழவழவென்று வருவதற்கு அதுதான் காரணம் என்றால் குறிப்பில் எழுதுங்கள். சாய்வை உணரும் பேனா எல்லாரிடமும் இருக்காது. விலை குறைந்த பல டேப்லெட்டுகளில் அது கிடையாது, பென்சிலைச் சாய்த்து நிழல் போடும் பிரஷ் அங்கே வெறும் கோடு போடும். தடிமன் விஷயம் இன்னும் எளிது. பிரஷ் அளவு பிக்சல் கணக்கு. 300 டிபிஐ ஏ4 கேன்வாஸ் 2480க்கு 3508 பிக்சல். நீங்கள் அதில் 40 பிக்சலுக்குச் செய்த பிரஷ்ஷை ஒருவர் 1080 பிக்சல் சதுரத்தில் எடுத்தால் தூரிகையாகத் தெரியாது, துடைப்பமாகத் தெரியும். எந்த அளவு கேன்வாஸுக்குச் செய்தது என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தப் புகார் பாதி குறைந்துவிடும்.

கடைசி நேரத்துல பிரஷ்ல சின்ன மாற்றம் செஞ்சேன். பண்டில்ல பழையதுதான் போயிருக்கு.

சேமிக்காமல் விட்டிருப்பீர்கள். பிரஷ் எடிட்டரில் 'டெம்பரரிலி சேவ் ட்வீக்ஸ்' என்று ஒரு தேர்வு உண்டு. அது இயக்கத்தில் இருந்தால் நீங்கள் செய்த மாற்றம் அப்படியே நிற்பது போலத் தோன்றும், வேறு பிரஷ்ஷுக்குப் போய்த் திரும்பினாலும் இருக்கும். ஆனால் கோப்பில் எழுதப்பட்டிருக்காது. பண்டில் கட்டும் முன் அந்தத் தேர்வை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பிரிசெட்டையும் ஒரு தடவை மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சேமிக்காத மாற்றம் எல்லாம் உதிர்ந்துவிடும், எது உண்மையில் சேமிக்கப்பட்டது என்று தெரியும்.

வேலை செய்யுதான்னு எப்படி சோதிக்கிறது? என் கம்ப்யூட்டர்ல இம்போர்ட் பண்ணிப் பார்த்தேன், ஓகேதான்.

உங்கள் கணினியில் வேலை செய்யாமல் எப்படி இருக்கும்? முனையும் டெக்ஸ்சரும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றனவே. பண்டிலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பிரிசெட் அவற்றைக் கண்டுபிடித்துக்கொள்ளும். உங்களுடைய எதுவும் இல்லாத கிரிட்டாவில் சோதித்தால்தான் சோதனை.

நண்பர் கணினி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு வழி. ஒன்று, விண்டோஸிலோ லினக்ஸிலோ புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் கிரிட்டாவைத் திறப்பது. இரண்டு, கிரிட்டாவின் கான்ஃபிகர் பெட்டியில் ஜெனரல் பகுதிக்குப் போய், ரிசோர்சஸ் தாவலில் ரிசோர்ஸ் ஃபோல்டரை ஒரு காலி ஃபோல்டருக்கு மாற்றி, மூடித் திறப்பது. சோதனை முடிந்ததும் பழைய இடத்துக்கே மாற்றிவிடுங்கள். போர்ட்டபிள் ஜிப்பை இறக்கிச் சோதித்தேன் என்று சிலர் சொல்கிறார்கள். அது செல்லாது. விண்டோஸில் அந்தப் பதிப்பும் உங்கள் பழைய ரிசோர்ஸ் ஃபோல்டரையேதான் படிக்கும்.

திறந்ததும் ஒவ்வொரு பிரஷ்ஷாலும் ஒரு கோடு, ஒரு நிழல். ஐகானைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இரண்டாவது கேள்வியில் சொன்னபடி முனை இல்லாவிட்டாலும் ஐகான் வரும்.

ரிசோர்ஸ் ஃபோல்டர்ல நேரா காப்பி பண்ணிடுங்கன்னு சொல்றது ஈசியா இருக்கே?

சொல்வதற்கு ஈசி, பின்னால் பதில் சொல்வது கஷ்டம். அந்த ஃபோல்டர் விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் கிரிட்டா என்ற பெயரில், லினக்ஸில் ஹோமுக்குள் மறைந்த ஃபோல்டரில், மேக்கில் லைப்ரரிக்குள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கிய கிரிட்டாவுக்கோ இடமே வேறு. நீங்கள் சொன்ன பாதையில் போட்டுவிட்டு "வரல" என்பார்கள். தவிர்க்க முடியாவிட்டால் பாதையை எழுதாதீர்கள். செட்டிங்ஸ் மெனுவின் மேனேஜ் ரிசோர்சஸ் பெட்டியிலேயே 'ஓபன் ரிசோர்ஸ் ஃபோல்டர்' பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தச் சொல்லுங்கள். சரியான இடம் அதுவாகத் திறக்கும்.

கிரிட்டா 4 வச்சிருக்கவங்களுக்கும் இது ஓடுமா?

4இல் கட்டிய பண்டில் 5இல் பெரும்பாலும் ஓடும். தலைகீழாக எதிர்பார்க்காதீர்கள். 2021 டிசம்பரில் வந்த 5.0இல் ரிசோர்ஸ் கையாளும் முறையையே புதிதாக எழுதினார்கள். எல்லாம் எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒன்றில் பதிவாகிறது. பிரஷ்ஷை இயக்கும் எஞ்சின்களில், வண்ணத்தை இழுத்துக் கலக்கும் கலர் ஸ்மட்ஜ் மாறியது, மைபெயின்ட் புதிதாக உள்ளே வந்தது. இந்த இரண்டையும் வைத்துச் செய்த பிரஷ் 4இல் சரியாக வராது. எந்தப் பதிப்பில் செய்து சோதித்தீர்கள் என்று எழுதுங்கள், போதும். இரண்டுக்கும் தனித்தனி பண்டில் கட்டுவது வீண் உழைப்பு என்பது என் எண்ணம். கிரிட்டா இலவசம், புதியதை இறக்கச் சொல்லுங்கள்.

போட்டோஷாப், புரோகிரியேட் பிரஷ்ஷை மாத்தி பண்டில்ல போடலாமா?

போட்டோஷாப்பின் ஏபிஆர் கோப்பைக் கிரிட்டா படிக்கும், ஆனால் முனை வடிவங்களை மட்டும். இடைவெளி, அழுத்தம், சிதறல் எல்லாவற்றையும் நீங்களே புதிதாக அமைக்க வேண்டும். புரோகிரியேட்டின் கோப்பும் உள்ளுக்குள் ஜிப்தான், வடிவப் படமும் தானியப் படமும் அதில் இருக்கும், ஆனால் கிரிட்டா அதை நேராகத் திறக்காது. கிளிப் ஸ்டுடியோவின் கோப்பையும் கிரிட்டா நேராகத் திறக்காது.

தொழில்நுட்பம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த முனை யாருடையது? காசு கொடுத்து வாங்கிய தொகுப்பு என்றாலும் வாங்கியது பயன்படுத்தும் உரிமை மட்டும். அமைப்புகளை நீங்கள் செய்தீர்கள் என்பதற்காக முனை உங்களுடையது ஆகிவிடாது. பிறருக்குக் கொடுக்கும் பண்டிலில் நீங்கள் வரைந்த முனையும் நீங்கள் எடுத்த படமும் மட்டும் இருக்கட்டும். இணையத்தில் கிடைத்த காகித டெக்ஸ்சருக்கும் இதே விதி.

லைசென்ஸ் கட்டத்துல என்ன எழுதறது?

காலியாக விடுவதுதான் மோசம். ஒன்றும் எழுதாவிட்டால் 'எல்லா உரிமையும் எனக்கே' என்று பொருளாகும், வாங்கியவருக்கு எதைச் செய்யலாம் என்றே தெரியாது. கட்டுப்பாடே வேண்டாம் என்றால் சிசி ஜீரோ (சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத் தொகுதி). பெயர் சொன்னால் போதும் என்றால் சிசி பை. 'வணிகத்துக்குக் கூடாது' என்று போடும் முன் யோசியுங்கள். உங்கள் பிரஷ்ஷால் ஒருவர் கல்யாணப் பத்திரிகைக்குப் படம் வரைந்து காசு வாங்கினால் அது தடையா என்று அடுத்த வாரமே கேள்வி வரும். நீங்கள் தடுக்க நினைப்பது பிரஷ்ஷையே மறுபடி விற்பதைத்தான் என்றால் அதை அப்படியே ஒரு வாக்கியமாக விவரக் கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு டேப்லெட், ஐபேட்?

ஆண்ட்ராய்டு கிரிட்டாவில் அதே மெனு, அதே இம்போர்ட். கோப்பின் வாலில் ஜிப் ஒட்டிக்கொள்ளும் தொல்லை அங்கேதான் அதிகம், மேலே சொன்ன மருந்தே போதும். ஐபேடுக்குக் கிரிட்டா இல்லை, அதனால் பண்டிலும் இல்லை.

டிரைவ்ல ஏத்தினேன், "அனுமதி கேளுங்கள்"னு வருதாம்.

பகிர்வு அமைப்பு 'ரெஸ்ட்ரிக்டட்' என்று இருக்கிறது. 'எனிஒன் வித் தி லிங்க்' என்று மாற்றுங்கள். லிங்க்கை உங்கள் உலாவியின் இன்காக்னிட்டோ சன்னலில் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ரெண்டாவது பதிப்பு விடறேன். அதே பேர்ல ஏத்தலாமா?

பண்டில் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கட்டும். வாங்கியவர் பழையதை லைப்ரரி பட்டியலில் அணைத்துவிட்டுப் புதியதை இம்போர்ட் செய்ய வேண்டும். இரண்டும் இயக்கத்தில் இருந்தால் ஒரே பிரஷ் இரண்டு தடவை தெரிந்து, எது புதிது என்று அவருக்கே குழப்பம். அணைப்பது என்பது அழிப்பது இல்லை, வேண்டும்போது மறுபடி இயக்கிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பயப்படுவார்கள்.

முனைப் படத்தை மாற்றியிருந்தால் அதற்குப் புதுக் கோப்புப் பெயர் வையுங்கள். பழைய பெயரிலேயே புதுப்படம் போனால், பெயர் மோதல் பற்றி முன்பு சொன்ன சிக்கலை நீங்களே உங்களுக்கு உண்டாக்கிக்கொள்கிறீர்கள்.

பழைய பதிப்பை எடுத்துட்டா, அதுல வரைஞ்ச படங்கள் கெட்டுப் போகுமா?

போகாது. கோடு போட்டவுடன் அது வெறும் பிக்சல், எந்தப் பிரஷ்ஷால் போட்டது என்று லேயருக்கு அக்கறை இல்லை. பேட்டர்ன் நிரப்பிய ஃபில் லேயர் மட்டும் விதிவிலக்கு. அது உயிரோடு இருக்கும் லேயர், படத்தைத் திறக்கும்போது பேட்டர்னைத் தேடும். உங்கள் தொகுப்பில் பேட்டர்ன்கள் இருந்தால் இரண்டாம் பதிப்பில் அவற்றை நீக்கவோ பெயர் மாற்றவோ வேண்டாம், புதியவற்றைப் பக்கத்தில் சேருங்கள். பழைய பதிப்பை அணைக்கும் முன் அந்த லேயரைச் சாதாரண பெயின்ட் லேயராக மாற்றிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.